பிறந்த வீட்டுக் கோடி

சைதாப்பேட்டை, சென்னை
12.6.2005

மாமாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை. நீங்களும் அதை எதிர்பார்க்க மாட்டீர்கள். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அக்காவின் கருமாதிக்கு நான் வரவில்லை என்று ஊரில் பேசுகிறார்களாம். எந்த முகத்தோடு வருவேன்? பொன்னம்மாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடியைக் கம்பெனி ஆபீசர் புருஷோத்தமன் போர்த்தியிருக்கிறான், அவள் தம்பி நான் உயிரோடு இருக்கும்போதே. அப்பா அம்மா போன பிறகு கிளியனூர் வீட்டுக்கு நான் ஒருவன்தானே மிச்சம்? நான் சேலை போர்த்தாமல் நீங்கள் உடலை எடுக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் திண்டிவனத்துக்கு ஓடினேன்.

அவள் உள்ளங்கை கருகியிருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். உப்பளத்து மோட்டார் கொட்டகையில் உப்புத் தண்ணீருக்குள் கிடந்த ஒயரிலிருந்து கரண்ட் அடித்துச் செத்தாள். காண்டிராக்டர் அப்பாவு வெயில் மயக்கம் என்றார். ஊரும் ஆமாம் என்றது. வக்கீலைக் கூட்டி வருகிறேன், போஸ்ட்மார்ட்டம் செய்யவைக்கிறேன், அதுவரை எடுக்காதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது சுடுகாட்டில் முக்கால்வாசி எரிந்துவிட்டிருந்தது. இப்போது அந்தக் கையும் இல்லை, காயமும் இல்லை. கம்பெனிக்கு அதுதானே வேண்டும்?

இனி மிச்சம் இருப்பது உங்கள் வாய் ஒன்றுதான். நான் வேலை செய்யும் அமைப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும்போது ஆட்களுக்கு என்ன ஆனாலும் கேட்க நாதியில்லை, கேட்க ஒரு சட்டம் வேண்டும் என்று போராடுகிறவர்கள். உங்கள் ஊரில் ஆழமாகப் போர் போட்டு உப்புநீரை உறிஞ்சி எடுக்கும் இந்தக் கம்பெனியின் தாய்க் கம்பெனி இருக்கும் நாட்டில், தொழில் அமைச்சகத்தில் ஒரு புகார் மையம் இருக்கிறது. அங்கே அக்காவின் சாவைப் பதிய முடியும். அதற்கு அவள் கம்பெனி வேலையில் இருந்தபோதுதான் செத்தாள் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். அவளைப் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த பொம்பளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், மாமா.

செந்தமிழ் எப்படி இருக்கிறாள்?

அருள்மொழி

*

மரக்காணம்
21.6.2005

மச்சான் அருள்மொழிக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் செந்தமிழ் கையில் கொடுத்துவிட்டார். பிரித்துப் படித்துவிட்டாள். படித்த பிறகு துணி காயப்போடப் போய்விட்டாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை படிக்கும் என்று நினைத்துக்கொண்டு இனிமேல் எழுது.

எப்படி எடுத்தீர்கள் என்று கேட்கிறாய். சொல்கிறேன். அக்கினி நட்சத்திர வெயில். காலையில் போன உயிர். ஐஸ் பெட்டி கேட்டுக் கூனிமேட்டுக்கு ஆள் அனுப்பினேன், இருந்த பெட்டி வேறு சாவு வீட்டில் இருந்தது. பக்கத்துப் பாத்தி சாலம்மாள் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் உடம்பு தாங்கவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது, நீயே புரிந்துகொள்.

நீ வந்தாய். முகத்தைப் பார்த்தாய், கையைப் பார்த்தாய், வக்கீல் பேரைச் சொன்னாய், போய்விட்டாய். மரக்காணம் பஜாரைத் தாண்டித்தானே வந்தாய்? ஒரு நூல் சேலை வாங்கி அக்கா மேல் போர்த்திவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மறந்துபோய்விட்டாய் என்று முதலில் நினைத்தேன். இப்போது உன் கடிதமே சொல்லிவிட்டது. கோடி வராமல் எடுக்க மாட்டார்கள், அதுவரை பிணம் கிடக்கட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வெறுங்கையோடு வந்திருக்கிறாய். கூடப் பிறந்தவளை உன் கேஸுக்குப் பிணையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நல்ல தம்பி.

சாயங்காலம் புருஷோத்தமன் ஜீப்பில் வந்தான். அவன் என்ன வெள்ளைக்காரனா? கீழ்புத்துப்பட்டுக்காரன். நம் வழக்கம் எல்லாம் அத்துப்படி. நாட்டாமை கண்ணாயிரம், "பொறந்த வூட்டுக் கோடி வராம எப்படிப்பா எடுக்கறது? பாவம் புடிச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவன் ஜீப்பிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து வந்து, "அண்ணே, என்னையும் அந்தம்மாவுக்கு ஒரு தம்பியா நெனச்சுக்குங்க, நான் போடறேன்" என்றான். நூறு பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். செத்தவளுக்கென்று கொண்டுவந்த கோடியை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நம் சனத்தில் யாராவது சொன்னதுண்டா? போர்த்தினான். கூட வந்தவன் போட்டோ எடுத்தான். உயிரோடு இருந்தவரை பட்டு கட்டாதவள் அவர்கள் பட்டோடு வெந்தாள்.

எழுதிக் கொடு என்கிறாய். உனக்குத் தெரியாததா? உப்பளத்தில் புருஷன் பெண்டாட்டியை ஜோடியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள். ஜோடிக்கு ஒரே கூலி, பேர் புருஷன் பேர். நான் மடை திறப்பேன், அவள் போய் மோட்டாரைப் போடுவாள். நான் உப்பை வாருவேன், அவள் சுமப்பாள். காலகாலமாக அப்படித்தான். பொன்னம்மாள் என்று ஒரு பேரே அங்கே கிடையாது. கடல் பொங்கி வந்து பாத்தியெல்லாம் சேறு மூடிய பிறகு சின்ன அளத்துக்காரர்கள் எல்லாரும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். அப்பாவு வேண்டாம் என்றால் எனக்கு வேறு பாத்தி கிடையாது. வளரும் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

என்னால் எழுத முடியாது.

தட்சணாமூர்த்தி

*

சென்னை
5.9.2005

மாமாவுக்கு,

நீங்கள் எழுதித் தர முடியாது என்றதும் நான் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். விடவில்லை. உங்கள் ஊருக்குத் தாய்க் கம்பெனி ஒரு ஆய்வுக்குழுவை அனுப்பும்படி எங்கள் ஆட்கள் அங்கிருந்து நெருக்கினார்கள். குழு ஆகஸ்டில் வந்தது. அதன் அறிக்கை நேற்று என் மேசைக்கு வந்தது.

அதில் நீங்கள் சொன்னதும் இருக்கிறது. குழுவில் வந்த வெள்ளைக்கார அம்மா உங்களிடம், உங்கள் மனைவி அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டிருக்கிறார். சாப்பாடு கொண்டுவந்தாள் என்று நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள். எழுதித் தர மறுத்தீர்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பயம் என்று நினைத்தேன். ஆனால் கேட்டவர்களிடம் நீங்களே அக்காவைச் சோற்றுக்கூடைக்காரி ஆக்கிவிட்டீர்களே! கோழி கூவும் முன்னே போய் அந்த மோட்டாரைப் போட்டவள் அவள். வெடித்த காலோடு நடந்தவள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். கம்பெனி வருஷா வருஷம் பளபளவென்று ஒரு புத்தகம் போடும். நாங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று பங்குதாரர்களுக்குக் காட்ட. இந்த வருஷப் புத்தகத்தில் அக்கா இருக்கிறாள். புருஷோத்தமன் அவள்மேல் சேலை போர்த்துகிற படம். கீழே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'எங்கள் அதிகாரி, கிராமத்துப் பெண் ஒருவரின் இறுதிச் சடங்கில், சகோதரனின் இடத்திலிருந்து மரியாதை செய்கிறார்.' அக்காவின் பேர்கூட இல்லை. கிராமத்துப் பெண் ஒருவர். அந்தக் காகிதத்தின் வழவழப்பு என் விரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி கேட்டால் தாய்க் கம்பெனி, சென்னைக் கம்பெனியைக் கேள் என்கிறது. சென்னை, காண்டிராக்டரைக் கேள் என்கிறது. காண்டிராக்டர், என்னிடம் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறார். எடுக்கிற லாபம் மட்டும் தடங்கல் இல்லாமல் நேராக மேலே போகிறது. பழி மட்டும் கீழே இறங்கி இறங்கிக் கடைசியில் செத்தவள் தலையிலேயே வந்து விழுகிறது. அதற்கு நீங்களும் ஒரு கை கொடுத்திருக்கிறீர்கள்.

அருள்மொழி

*

மரக்காணம்
28.10.2005

மச்சானுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் தண்ணீர். இனித் தை பிறக்கும்வரை வேலை இல்லை. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

அந்த வெள்ளைக்கார அம்மா என்னிடம் கேட்டதை அறிக்கையில் படித்திருக்கிறாய். எங்கே வைத்துக் கேட்டார் என்று அதில் போட்டிருக்கிறதா? கம்பெனி ஷெட்டில். அவர் பேசுவதைத் தமிழில் எனக்குச் சொன்னது யார்? புருஷோத்தமன். கதவோரம் நின்றது யார்? அப்பாவு. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, ஆறுதலாக ஏதோ சொன்னார். இவன், "மாமா, பயப்படாம சொல்லுங்க, அக்கா சோறு எடுத்தாந்துதுல்ல?" என்றான். என்னை மாமா என்கிறான். கோடி போட்ட நாளிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறான். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பெரிய மனுஷன் நீ, பட்டணத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாய். என் இடத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டாமல் இருந்து பார்.

உன் கடிதத்தை ஒளித்துத்தான் வைத்திருந்தேன். இருந்தும் செந்தமிழ் எடுத்துப் படித்துவிட்டாள். நேற்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏம்பா, அம்மா சோறுதான் எடுத்துனு வந்துச்சா? அப்ப சோறு ஆக்குனது யாரு? நாந்தானே தெனம் ஆக்கி எடுத்தாருவேன்" என்றாள். உண்மைதான். பொன்னம்மாள் விடியுமுன்னே என்னோடு கிளம்பிவிடுவாள். பள்ளிக்கூடம் போகிற வழியில், லீவு நாளிலும் விடாமல், சோறு கொண்டுவந்து கொடுப்பவள் இந்தப் பிள்ளை. அம்மா செத்துக் கிடந்ததை முதலில் பார்த்ததும் இவள்தான். தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாளே. அவள் வேலையைத் தூக்கி அவள் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா வேலையை இல்லை என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளை கேட்கிறாள், நான் குனிந்து சாப்பிடுகிறேன்.

இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். மோட்டாரை யார் போடச் சொன்னார், எத்தனை வருஷமாகப் போட்டாள், ஒயர் கிழிந்திருக்கிறது என்று அப்பாவுவிடம் எப்போது சொன்னாள், அவர் என்ன பதில் சொன்னார், எல்லாம் இருக்கிறது. சாலம்மாளும் கைநாட்டு வைத்திருக்கிறாள். அவள் பேரும் எங்கேயும் கிடையாது என்பதால் அவளுக்கும் ஆத்திரம்.

ஒன்று மட்டும் நினைவில் வை. இதை எடுத்துக்கொண்டு பாதியில் ஓடிவிட்டால் நடுத்தெருவில் நிற்கப்போவது நான்.

தட்சணாமூர்த்தி

*

சென்னை
17.1.2006

அன்பு மாமாவுக்கு,

பொங்கலுக்கு உங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை என்று தெரியும். நானும் வைக்கவில்லை. அக்கா எரவானத்தில் செருகிவைக்கும் மாவிலை ஞாபகம் வந்தது.

புகாரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! உங்கள் எழுத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்து அனுப்பினோம். ஆழ்போர் போட்ட பிறகு குடிதண்ணீர் உப்புக் கரிப்பதையும் சேர்த்தோம். ஆனால் முதல் பக்கத்தில் அக்கா பேர் இருக்கிறது. பொன்னம்மாள், உப்பளத் தொழிலாளி. அங்கே ஒரு அரசாங்க அலுவலகத்தில் அந்தப் பேரை ஒருவர் வாய்விட்டுப் படித்திருப்பார் அல்லவா?

நீங்கள் கேட்பதற்கு முன்பே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசவைக்கும். கம்பெனிகள் நடந்துகொள்ள வேண்டிய விதிகள் இருக்கின்றன, ஆனால் விருப்பப்பட்டால் கடைப்பிடிக்கலாம் என்ற மாதிரியான விதிகள். எங்கள் சண்டையே அதை மாற்றி, மீறினால் கோர்ட்டுக்கு இழுக்கிற சட்டமாக்க வேண்டும் என்பதுதான். இருந்தாலும் நாலு பேருக்குத் தெரிந்து பேர் கெட்டுப்போகும் என்று கம்பெனி பயப்படுகிறது. அதுவரைக்கும் லாபம்.

சீசன் தொடங்கப்போகிறது. பேச்சு நடக்கும்வரை அந்தப் பயத்திலேயே உங்களை வேலையிலிருந்து நிறுத்த மாட்டார்கள். வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய்வாருங்கள். கம்பெனியிடமிருந்து ஒரு துரும்புகூட வாங்காதீர்கள். நான் ஒரு சபதம் எடுத்திருக்கிறேன். அக்கா கம்பெனித் தொழிலாளிதான் என்று அவர்கள் வாயால் சொல்லவைத்துவிட்டுத்தான் உங்கள் வாசலை மிதிப்பேன். அன்றைக்கு வருவேன், பிறந்த வீட்டிலிருந்து வருகிறவனாக வருவேன்.

செந்தமிழிடம் சொல்லுங்கள், அவள் கேட்ட கேள்விதான் எங்கள் புகாரில் உயிரான இடம்.

அருள்மொழி

*

மரக்காணம்
24.4.2006

மச்சான் அருள்மொழிக்கு,

விருப்பப்பட்டால் கடைப்பிடிக்கிற விதிக்கு எங்கள் ஊரில் விதி என்று பேர் கிடையாது. அது கிடக்கட்டும். இது வேறு விஷயம், நல்ல விஷயம்.

செந்தமிழ் பெரியவளாகிவிட்டாள். சாலம்மாள்தான் கூட இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டாள். தாயில்லாப் பிள்ளை, குறை வைக்கக் கூடாது என்று வைகாசி முதல் ஞாயிறு, 21ஆம் தேதி, மஞ்சள் நீராட்டு வைத்திருக்கிறோம். உன் சபதம் எனக்குத் தெரியும். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வா. தாய்மாமன் மாலை போடாமல் பிள்ளையை மணையிலிருந்து எழுப்ப முடியாது. நீ ஒரு மாலையும் ஒரு பாவாடைத் துணியும் எடுத்து வந்தால் போதும். வேறு சீர் ஒன்றும் எனக்கு வேண்டாம்.

இதை ஏன் இப்படிக் கெஞ்சி எழுதுகிறேன் என்றால், புருஷோத்தமன் காதுக்குச் சேதி போய்விட்டது. கண்ணாயிரத்திடம் வந்து, "பொன்னம்மா அக்காவுக்குக் கோடி போட்டவன் நானு. அப்ப புள்ளைக்குத் தாய்மாமன் சீர் நாந்தானே செய்யணும்? தட்டு வரிசையோட வர்றேன்" என்று சொல்லியிருக்கிறான். கண்ணாயிரமும் நியாயம்தானே என்கிறார். ஊரில் பாதிப் பேர் நியாயம் என்கிறார்கள். இந்த முறை போட்டோக்காரர்கள் இரண்டு பேர் வருவார்களாம். உங்கள் பேச்சுவார்த்தை நடக்கிற நேரத்தில் அந்தப் படம் அவனுக்குத் தேவைப்படுகிறதோ என்னவோ.

ஒரு முறை உன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனாய். அவன் வந்து நின்றான். இன்னொரு முறை விடாதே.

நீ வருவாய் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

தட்சணாமூர்த்தி

*

டில்லி
18.5.2006

அன்பு மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேற்றிலிருந்து கிழித்துக் கிழித்துப் போடுகிறேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை வர முடியாது. கம்பெனியோடு கடைசிப் பேச்சுவார்த்தையை இங்கே அதே வாரத்தில் வைத்துவிட்டார்கள், திங்கள்வரை நடக்கும். தேதியை மாற்றக் கேட்டேன். வீட்டு விசேஷத்துக்காக மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். ரயில் பிடித்து ஓடிவந்துவிடலாமா என்று ஸ்டேஷன்வரை போனேன். போய்த் திரும்பி வந்துவிட்டேன். செந்தமிழ் என்னை மன்னிக்க வேண்டும்.

மாமா, கம்பெனி இறங்கி வந்திருக்கிறது. குத்தகை அளங்களில் ஜோடியாக வேலை செய்யும் பெண்கள் எல்லாருடைய பேரையும் இனித் தனியாகப் பதிய வேண்டும், தனிக் கூலி தர வேண்டும், அடிபட்டால் கம்பெனி பொறுப்பு. எழுத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். இப்படி ஒன்று இந்தியாவில் எந்த உப்பளத்திலும் நடந்ததில்லை என்று எங்கள் தலைவர் சொல்கிறார்.

அதற்குப் பதிலாக அவர்கள் ஒன்று கேட்டார்கள். நடந்துபோன எந்தச் சம்பவமும் ஒப்பந்தத்தில் வரக் கூடாது. புகாரின் முதல் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். இனி அதைப் பற்றி வெளியே எழுதவோ பேசவோ கூடாது. இல்லையென்றால் எழுந்து போய்விடுவோம் என்றார்கள். அவர்கள் எழுந்து போனால் பிடித்து உட்காரவைக்க எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் அமைப்பில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். குடும்பத்தில் ஒருவர் சம்மதித்தால்தான் முடியும் என்றார்கள்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கோபப்படுங்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அக்கா ஒருத்தி பேருக்காக இத்தனை பெண்களின் பேரை விட்டுவிட முடியுமா? சாலம்மாள் பேர் இனி இருக்கும். அக்காவே இருந்திருந்தால் போடு என்றுதான் சொல்லியிருப்பாள். அப்படித்தான் நான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அருள்மொழி

*

மரக்காணம்
18.6.2006

அருள்மொழிக்கு,

உன் கடிதம் விசேஷம் முடிந்து மூன்றாம் நாள் வந்தது. முதலில் விசேஷத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையை மணையில் உட்காரவைத்தாகிவிட்டது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் தலையைத் தூக்குவாள். கடைசியில் மேளத்தோடு வந்தவன் புருஷோத்தமன். பழத்தட்டு, பட்டுப் பாவாடை, ரோஜா மாலை. முன்னால் போட்டோக்காரர்கள். கண்ணாயிரம் எழுந்து, "வாங்க வாங்க, தாய்மாமன் வந்தாச்சு" என்றார்.

நான் வாசலில் போய்க் குறுக்கே நின்றேன். நீ வரவில்லை என்ற ஆத்திரமும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். "நீ பொன்னம்மாளுக்குத் தம்பின்னு கோடி போட்டே. தம்பின்னுதான் இன்னிக்குச் சீர் எடுத்தாந்திருக்கே. சரி, தம்பியாவே இரு. ஒன்னே ஒன்னு சொல்லிட்டு உள்ள வா. அன்னிக்குக் காலையில உங்கக்கா மோட்டார் கொட்டாயில என்னா வேலையா இருந்தா?"

சிரித்தான். "மாமா, நல்ல நாள் அதுவுமா..." என்றான். "நல்ல நாள்தான். சொல்லு" என்றேன். மேளக்காரன் நிறுத்திவிட்டான். புருஷோத்தமன் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறான். நெற்றி வேர்க்கிறது. சோறு எடுத்து வந்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் சோறு எடுத்துப்போன பிள்ளை எதிரே மணையில் உட்கார்ந்து அவனையே பார்க்கிறாள். மோட்டார் போட்டாள் என்று சொன்னால் வேலை போய்விடும். நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்திருந்தால் எனக்கு உன் ஒப்பந்தம் எதுவும் வேண்டியிருக்காது. வரவில்லை. தட்டைத் திருப்பி ஜீப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஊர் என்னைத்தான் திட்டியது. வீடு தேடி வந்த சீரைத் திருப்பி அனுப்பின பாவி என்று கண்ணாயிரம் சாப்பிடாமலே எழுந்து போனார். மாமன் மாலை இல்லாமல் பிள்ளையை நானே கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் அழவில்லை. "வுடுப்பா, அம்மாவுக்கும் மாமா போடல, எனக்கும் போடல" என்றாள். மறுநாள் காலையில் அப்பாவு, "உனக்கு இனி பாத்தி கெடையாது, போ" என்று சொல்லிவிட்டார். எதிர்பார்த்ததுதான். அவள் பேராவது அங்கே ஒரு அலுவலகத்தில் இருக்கிறதே என்று அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் உன் கடிதம் வந்தது.

நீ போட்ட ஒப்பந்தம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்றும் தெரிந்துகொள். போன வாரம் அப்பாவு அளத்தில் எல்லாரையும் கூட்டினார். இனி கம்பெனி அளத்தில் பொம்பளை வேலை செய்தால் பேர் எழுத வேண்டும், தனிக் கூலி தர வேண்டும், அடிபட்டால் கம்பெனி பொறுப்பு என்று ரூல் வந்துவிட்டது, அதனால் இனி பொம்பளை யாரும் வர வேண்டாம், ஆம்பளை மட்டும் வந்தால் போதும் என்றார். அவ்வளவுதான், முடிந்தது. ஒருத்தி பேரும் எழுத வேண்டியதில்லை. விதியை மீறவும் இல்லை பார். சாலம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "பொன்னம்மா தம்பிதான் இந்த ரூலைப் போட்டாராமே, மவராசன் நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெண்களுக்கு வேலை போனதற்கு அப்பாவுவும் கம்பெனியும் காரணம், உன்னை மட்டும் சொல்லவில்லை. ஆனால் பொன்னம்மாள் பேரை எடுக்கச் சொன்னபோது, இதை எழுதிக் கொடுத்தவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையே. அக்கா இருந்தால் போடு என்பாளாம். அக்கா இருந்தால் நீ யாரிடம் என்ன பேச வேண்டியிருந்திருக்கும்? புருஷோத்தமன் அவளைச் சேலை போட்டு மூடினான். நீ கையெழுத்துப் போட்டு மூடிவிட்டாய். இரண்டு பேரும் தம்பி என்று சொல்லிக்கொண்டுதான் மூடினீர்கள்.

இனி நீ எனக்கு மச்சான் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. நீயும் இல்லையென்றால் அவளுக்குப் பிறந்த வீடே இல்லாமல் போய்விடும். அதனால் உனக்கும் அதே கேள்வியைத்தான் வைக்கிறேன். அன்றைக்குக் காலையில் உன் அக்கா மோட்டார் கொட்டகையில் என்ன வேலையாக இருந்தாள்?

இந்தக் கவருக்குள் ஒரு தபால் கார்டு வைத்திருக்கிறேன். என் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். வெளியே எழுதக் கூடாது, பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், தெரியும். கவரில் போட்டு ஒட்டி அனுப்பாதே, அந்தக் கார்டிலேயே எழுது. தபால்காரர் படிக்கட்டும், டீக்கடையில் படிக்கட்டும், அப்பாவு வாங்கிப் படிக்கட்டும். கீழே உன் பேரைப் போட்டு, தம்பி என்றும் எழுது.

தட்சணாமூர்த்தி